உமியும் படக்கண்ணாடியும்

எண்பதுகளின் தொடக்கத்தில் பொதட்டூர்பேட்டையில் எங்கள் வீட்டில் தறி ஓட்டினோம்; நூலுக்குச் சாயமும் நாங்களே போட்டோம். சாயத்துக்கு வெந்நீர் வைப்பது மருமகளான என் வேலை. அதற்கு விறகு வெட்டிவருவதும் நான்தான். ஒருநாள் மலைச்சரிவில் வனக்காவலர் என்னைப் பிடித்தார். சுமையையும் கொடுவாளையும் பறித்துக்கொண்டு, உச்சிப்பொழுதுவரை வெயிலில் நிற்கவைத்தார். வெறுங்கையோடு வீடு வந்து மாமனாரிடம் சொன்னேன்.

"நைனா, இனிமே நான் வெறகுக்குப் போமாட்டேன்."

"அப்ப தண்ணி எப்டி காயும்?"

"வெயில்ல காய வெக்கிறேன்."

கோபத்தில் வந்த வார்த்தைதான். ஆனால் கழனியில் மோட்டார் போட்டதும் கறுப்புக் குழாயில் முதலில் வரும் தண்ணீர் காலைச் சுடுவதை எத்தனையோ தடவை பார்த்திருந்தேன். மாமனார் சிரித்தார். கணவர் சிரிக்கவில்லை, எனக்காகப் பேசவும் இல்லை.

பழைய மண்ணெண்ணெய் டின்னைத் தட்டையாக்கி, தகரம் பற்றவைப்பவரிடம் கொடுத்து, கை நுழையும் வாய் மட்டும் விட்டு மூடிய பெட்டியாக்கினேன். அடுப்புக்கரியை எண்ணெயில் குழைத்து அதன்மேல் பூசினேன். திருத்தணி மலையடிவாரத்தில் சாமிப் படங்களுக்குச் சட்டம் போடும் கடையில், உடைந்து ஒதுக்கிய கண்ணாடிகளைக் கேட்டு வாங்கிவந்தேன். பேருந்தில் வரும்போது ஒன்று கையைக் கிழித்தது. மண்சுவர் எழுப்பி, உள்ளே பெட்டியை வைத்து, தண்ணீர் ஊற்றி, கண்ணாடியால் மூடினேன். சாயங்காலம் தொட்டுப் பார்த்தால் குழந்தையைக் குளிப்பாட்டும் சூடுகூட இல்லை.

"பாத்தியா? நெருப்பு இல்லாம தண்ணி காயுமா?" என்றார் மாமனார்.

தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பெட்டியைத் தூக்கினேன். அடியில் இருந்த தரை சுட்டது. வந்த சூட்டையெல்லாம் தரை குடித்திருக்கிறது. அரிசி மில் பின்னால் மலைபோல் கிடந்த உமியை இரண்டு கோணி வாரிவந்து, சூடு இறங்காதபடி அடியிலும் பக்கத்திலும் ஒரு சாண் கனத்துக்கு அடைத்தேன். மறுநாள் மத்தியானம் தண்ணீரில் விரலை வைத்துச் சட்டென்று எடுத்தேன். நாங்கள் போட்ட சாயத்துக்குக் கொதிநீர் வேண்டாம். கை பொறுக்காத சூடு போதும்.

அந்த வருஷம் ஆர்.கே.பேட்டையில் அரசாங்கத்தில் ஒரு கண்காட்சி போட்டார்கள். வெயிலில் சூடேறும் சூரியப் பெட்டி ஒன்றைப் பளபளவென்று வைத்து அதிகாரி ஒருவர் விளக்கினார். என்னுடையதைப் பற்றிச் சொன்னேன்.

"உமியும் ஒடஞ்ச கண்ணாடியும் வெச்சு செய்றது இதும்மாதிரி வேல செய்யாதும்மா. அதுக்குன்னு பொருள் இருக்குது."

"வேல செஞ்சிகினுதான் இருக்குது சார். வந்து கைய வெச்சுப் பாருங்க."

கூட்டம் சிரித்ததாலோ என்னவோ, மறுநாள் வந்துவிட்டார். தண்ணீரில் கையை விட்டவர் உதறிக்கொண்டார். கைக்குட்டையால் துடைத்தபடி, "இதுக்கெல்லாம் மானியம் தரமாட்டாங்க" என்றார்.

"நான் கேக்கலயே சார்."

மாமனார் அவருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

அடுத்த கோடைக்குள் எங்கள் தெருவில் நாலு வீட்டுப் பெண்கள் என்னைக் கூப்பிட்டு இதேபோல் பெட்டி செய்துகொண்டார்கள். ஐப்பசி மழையில் பெட்டி உதவவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அந்த நாட்களில் அடுப்பு எரிந்தது. நான் சொன்ன சொல்லை மாற்றவில்லை. விறகுக்கு மாமனாரே போனார்.