நாலு தடமும் ரெண்டு மைக்கும்

என் மச்சான் சதாசிவம் மாதிரி ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. இதை அவர் முகத்துக்கு நேராகவே பல தடவை சொல்லியிருக்கிறேன். கோபித்துக்கொள்ளவே மாட்டார். வீட்டைப் பூட்டிவிட்டுச் சாலை வரை வந்தவர் திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். சைக்கிளுக்கு ஒரு டியூப் தேவையென்றால் இரண்டு வாங்குவார். என் அக்கா நல்லம்மாளைப் பெண் பார்க்க வந்த அன்று, மழை வந்தால் என்ன செய்வது என்று மாற்றுச் சட்டை ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். எங்கள் லயத்து வரிசை வீடுகளே கூடி நின்று அந்தப் பையைப் பார்த்துச் சிரித்தது.

பிறந்தது சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பாவும் அம்மாவும் பால்மரம் சீவியவர்கள். இவர் மட்டும் உளியைத் தொடாமல் தப்பித்து, லகாட்டில் ஓர் ஈயச் சுரங்கத்தில் பம்பு மோட்டார் பழுது பார்க்கும் வேலைக்கு வந்துவிட்டார். வேலை அங்கே, மனசு வீட்டுப் பின்னறையில். பலகைச் சுவரில் முட்டை அட்டைகளை ஒட்டி, அதன் மேல் பழைய கம்பளிகளைத் தொங்கவிட்டு, அதற்கு ஸ்டூடியோ என்று பெயர் வைத்திருந்தார். அக்கா அதைக் கோழிக்கூடு என்பாள். கல்யாணத்தில் பாடும் பையன்கள், தேவாரப் போட்டிக்குப் போகும் பிள்ளைகள் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமையானால் அந்தக் கோழிக்கூட்டில் வந்து கேசட் பதிந்துகொண்டு போவார்கள்.

எங்கள் வீட்டில் உண்மையாகவே பாடத் தெரிந்தவள் அக்காதான். எங்களுடையது சின்ன உறுமி மேளக் குழு. சன்னாசி அண்ணன் பம்பை, நான் உறுமி, சீனி என்ற பையன் சிங்கித் தாளம். அம்மன் கோயில் திருவிழாவில் அக்கா முன்னால் நின்று அம்மனை அழைத்துப் பாடுவாள், நாங்கள் அடிப்போம். படித்த சங்கீதம் கிடையாது. ஆனால் அவள் தொண்டையைத் திறந்தால் கூட்டத்தில் பேச்சு நின்றுவிடும். தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை. எங்களுக்குள் ஆயிரம் சண்டை உண்டு, அவள் சமையலைப் பற்றிக் கேளுங்கள், வேறு மாதிரி சொல்வேன்.

எண்பத்து நான்கில் அவள் கழுத்தில் ஒரு வீக்கம் வந்தது. வைத்தியம் பார்த்த டாக்டர் நல்ல மனிதர், ஒன்றையும் மறைக்கவில்லை. அறுத்து எடுத்தே ஆகவேண்டும், குரல் நரம்பு வீக்கத்தோடு ஒட்டிக்கொண்டு போகிறது, குரல் பழையபடி இருக்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றார். அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு நாள் குறித்தாகிவிட்டது.

அக்கா வீட்டுக்கு வந்ததும் உலை வைத்தாள். "பாட்டுப் போனா போவுது. ஆளு இருந்தா போதும்லா" என்றாள். மச்சான் பின்னறைக்குப் போய், போன திருவிழாவில் பதிந்த கேசட்டைப் போட்டார். எங்கள் மேளம் காதைக் கிழித்தது. அக்கா குரல் அதற்கடியில், பக்கத்துத் தோட்டத்தில் யாரோ பாடுவது மாதிரி கேட்டது. உலகத்தில் அவள் குரல் இருந்தது அந்த ஒரு கேசட்டில்தான். மச்சான் அதை நிறுத்தினார், மறுபடி போட்டார், மறுபடி நிறுத்தினார்.

"அவ குரல தனியா ஒரு தடத்துல புடிக்கணும், பத்து" என்றார். என் பெயர் பத்துமலை. "மேளம் வேற, குரல் வேறன்னு இருந்தா அப்புறமா ஏத்திக்கலாம், எறக்கிக்கலாம். செவ்வாய்க்கெழமைக்குள்ள முடிக்கணும்."

சனிக்கிழமை ஈப்போவுக்குப் போனோம். இசைக்கருவிக் கடை முதலாளியான சீனத் தவுக்கே ஒருவர் மச்சானுக்குப் பழக்கம். அவர் இரண்டு பெட்டிகளை மேசைமேல் வைத்தார். இரண்டுமே ஒரே நாடாவில் நாலு தடம் போடும். பக்கத்தில் பக்கத்தில் நாலு சத்தத்தைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். ஒன்று கனமான பழைய பெட்டி, ஏதோ ஹோட்டல் பேண்டுக்காரர்கள் விற்றுவிட்டுப் போனது. இன்னொன்று புத்தம் புதுசு, சின்னது, பேட்டரியிலும் ஓடும்.

"இனி எம்பாட் செக்காலி" என்று பழையதைத் தட்டினார் தவுக்கே. நாலு மைக்கையும் ஒரே நேரத்தில் செருகிப் பதியலாம். புதியதைக் காட்டி, "இத்து டுவா டுலு. லெப்பாஸ் டுவா லாகி" என்றார். அதில் முதலில் இரண்டு மைக், பிறகு இன்னும் இரண்டு. அவ்வளவுதான் வித்தியாசம்.

"இதுல என்ன யோசன மச்சான்? நாங்க எல்லாரும் ஒண்ணாத்தான் அடிக்கிறோம். ஒண்ணாப் புடிக்கிற பெட்டிய எடுங்க" என்றேன்.

மச்சான் பழைய பெட்டியில் மைக்கை ஒவ்வொரு ஓட்டையாகச் செருகி ஹெட்ஃபோனில் கேட்டார். ஒரு ஓட்டையில் லேசாக இரைச்சல் இருந்தது. உடனே முகம் மாறிவிட்டது. "நடுவுல செத்துப்போச்சுன்னா? இன்னொரு நாளு இல்ல பத்து நமக்கு."

பிறகு புதிய பெட்டியின் நியாயத்தைச் சொன்னார். முதலில் மேளத்தை மட்டும் பதிந்துவிடலாம். பிறகு அக்கா உட்கார்ந்தபடி, காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, மேளத்தைக் கேட்டுக்கொண்டே தனியாகப் பாடலாம். மேளத்துக்கு மேலே கத்த வேண்டியதில்லை. தப்பு வந்தால் அந்த இடத்தை மட்டும் திரும்பப் பாடலாம். மீதித் தடம் ஒன்று கையிருப்பாக இருக்கும். அவள் கழுத்துக்கு அதுதான் நல்லது என்றார். கையிருப்பு என்ற வார்த்தை வந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, மனிதர் முடிவு பண்ணிவிட்டார். புதிய பெட்டி எங்களோடு பஸ் ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கோழிக்கூட்டில் கூடினோம். மலைப்பக்கம் கறுத்திருந்தது. வீட்டுக் கூரை தகரம். மழை விழுந்தால் பக்கத்தில் பேசுவதுகூடக் கேட்காது. மச்சான் ஒரு மைக்கை என் உறுமிக்கும் இன்னொன்றைப் பம்பைக்கும் வைத்தார். அக்காவை வெளியே போய் உட்காரச் சொல்லிவிட்டு, "ஆரம்பிங்க அண்ணே" என்றார்.

சன்னாசி அண்ணன் பம்பையைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்தார். அக்காவை அவர் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். "பாப்பா எங்க போவுது?"

"அது அப்புறம் பாடும். மொதல்ல மேளம் மட்டும்."

"அம்மாளக் கூப்புடாம உறுமியில கம்பு வைக்கக் கூடாது தம்பி."

"இது ரெக்கார்டிங்தானே அண்ணே, கோயிலா?"

"உறுமிக்கு அது தெரியுமா?"

மச்சான் என்னைப் பார்த்தார். நான் எங்கே பார்ப்பது? சாமி ஒரு பக்கம் இருக்கட்டும், எங்களால் அவள் இல்லாமல் அடிக்கவே முடியாது. எங்கள் பாட்டில் கணக்கு கிடையாது. அவள் ஒரு அடியை இழுத்தால் இழுத்து முடிக்கும்வரை காத்திருப்போம். அவள் கழுத்து ஏறுவதைப் பார்த்துத்தான் என் கம்பு இறங்கும். பதினைந்து வருஷமாக இதைக் கோயில் வாசலில் நின்று பார்த்த மனிதர், இதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் யோசித்திருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பெட்டியைத் தூக்கி வெளியே எறிந்திருப்பேன்.

தூரத்தில் இடி உருண்டது. அக்காதான் உள்ளே வந்தாள். "நான் ஓரமா நிக்கிறேன். மெல்லமா முணுமுணுக்கிறேன், நீங்க அடிங்க. அப்புறமா தொண்டையத் தொறந்து பாடுறேன்." அவளுக்கு மைக் இல்லை. இருந்த இரண்டு ஓட்டையிலும் மேளம் இருந்தது. வேறு வழியும் இல்லை. மச்சான் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினார்.

சொன்னபடி மெல்லத்தான் தொடங்கினாள். அழைப்புப் பாட்டு முழுவதும் உதட்டோடு போனது. சன்னாசி அண்ணன் பம்பையில் கை வைத்தார், சிங்கி சேர்ந்தது, நான் கம்பை இழுத்தேன். உறுமி ஒரு தடவை முனகியதும் அக்கா நிமிர்ந்தாள். அந்த நிமிர்வை எனக்குத் தெரியும். 'வேண்டாம்க்கா, வேண்டாம்க்கா' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேதான் அடித்தேன். கை நிற்கவில்லை. அவள் தொண்டையைத் திறந்துவிட்டாள்.

அப்படி ஒரு குரலை அவள் திருவிழாவில்கூடக் கொடுத்ததில்லை. கண்ணை மூடி, கழுத்து வீக்கம் மேலும் கீழும் ஏறி இறங்க, அந்தச் சின்ன அறையில் நின்று அம்மனைக் கூப்பிட்டாள். எனக்கு அழுகை வந்தது. செவ்வாய்க்கிழமை என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியும். உலை வைத்தபோது சொன்னதெல்லாம் எங்களுக்காகச் சொன்னது.

மச்சானைப் பார்த்தேன். முகத்தில் ரத்தமே இல்லை. ஹெட்ஃபோனில் அவருக்கு மேளம்தான் கேட்டிருக்கும். அக்கா மறுபடியும் பக்கத்துத் தோட்டத்தில் பாடிக்கொண்டிருந்தாள். நிறுத்தச் சொல்லலாம். சொன்னால் அவள் இன்னொரு தடவை இப்படிப் பாடுவாளா? விட்டுவிடலாம். விட்டால் இது காற்றோடு போய்விடும். அவர் வாய் திறந்து திறந்து மூடியது.

பிறகு எழுந்தார். நாற்காலி சாய்ந்து விழுந்தது. ஒரே எட்டில் வந்து என் உறுமிக்கு முன்னாலிருந்த மைக்கைத் தாங்கியோடு பிடுங்கி, அக்கா வாய்க்கு நேராகக் கையிலேயே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா கண்ணைத் திறக்கவில்லை. என் உறுமிக்கு மைக் இல்லாமல் போயிற்று. நான் அடித்துக்கொண்டேதான் இருந்தேன். பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிற மனிதர், மைக்கை அசைக்காமல் பாட்டு முடியும்வரை நின்றார்.

கடைசி அடி முடிந்து சிங்கி ஓய்ந்தது. சற்று நேரத்தில் தகரத்தில் மழை விழுந்தது. அக்கா என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள். வாய் அசைந்தது, காற்றுதான் வந்தது. மழைச் சத்தம் என்று நினைத்துப் பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தேன். அங்கேயும் காற்றுதான். இன்னொரு தடவை என்ற பேச்சே இல்லாமல் போயிற்று.

மழை விட்டதும் மச்சான் டேப்பைப் போட்டுக் காட்டினார். முதலில் மேளம். பிறகு நாற்காலி விழும் சத்தம், ஏதோ உரசும் சத்தம். அதன்பின் அக்கா அறைக்குள் வந்து நின்ற மாதிரி அவள் குரல் தனியாக, முழுசாக இருந்தது. சீனி கையெடுத்துக் கும்பிட்டான். "என் உறுமி எங்க மச்சான்?" என்று கேட்டேன். கேட்கிற நேரமா அது என்று சன்னாசி அண்ணன் தலையில் ஒரு தட்டுத் தட்டினார்.

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆள் பிழைத்தாள், அதற்கு இன்றைக்கும் அந்த டாக்டரைக் கும்பிடுகிறேன். குரல்தான் வரவில்லை. மாதங்கள் போயின. மருந்து, உப்புத் தண்ணீர், நேர்த்திக்கடன் எல்லாம் பார்த்தோம். காதோடு காதாகப் பேசுகிற கரகரப்புக்கு மேல் ஏறவில்லை. மச்சான் அந்த டேப்புக்கு இரண்டு நகல் எடுத்து ஒன்றை என் வீட்டில் கொண்டுவந்து வைத்தார். வீடு தீப்பிடித்தால் என்ன செய்வது என்றார். அந்த ஒரு தடவை நான் கிண்டல் பண்ணவில்லை.

தீபாவளி கழிந்து ஒரு நாள் கூப்பிட்டு அனுப்பினார். "மூணாந்தடம் சும்மா கெடக்கு பத்து. உன் உறுமிய அதுல வாசிச்சிரு. உறுமி இல்லாம அவ பாட்டு ஒத்தக் கால்ல நிக்குது."

பெட்டியில் முதல் தடத்தின் பொத்தான் மேல் பிளாஸ்டர் ஒட்டியிருந்தார். அதைத் தெரியாமல் அழுத்தினால் அக்கா குரல் அழிந்துவிடும். நான் பக்கத்தில் மூச்சுவிட்டால்கூடப் பயந்தார். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அடித்தேன். சரியாக வரவில்லை. அவள் இழுக்கிற இடத்தில் நான் முந்திக்கொண்டேன். திரும்ப அடித்தேன், திரும்ப முந்தினேன். காதில் குரல் இருக்கிறது, கண்ணுக்குக் கழுத்து இல்லை. வேர்த்துக் கொட்டியது. "என்னால முடியாது மச்சான்" என்று கம்பைக் கீழே வைத்தேன்.

அக்கா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மச்சானின் ஹெட்ஃபோனை வாங்கித் தன் காதில் மாட்டிக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்தாள். கழுத்தில் குறுக்கே தழும்பு. டேப் ஓடியது. அவள் சத்தமில்லாமல் உதட்டை அசைத்தாள். இழுக்கிற இடத்தில் தழும்பு மேலே ஏறியது, நான் காத்திருந்தேன். இறங்கியது, என் கம்பும் இறங்கியது. ஒரு இடமும் பிசகவில்லை.

அவள் நிமிர்ந்த இடம் வந்தது. என் காதில் அந்தக் குரல் வெடித்தது. எதிரே அக்காவும் நிமிர்ந்தாள். கண்ணை மூடினாள், வாயைத் திறந்தாள். மறந்துவிட்டாள். முழு மூச்சையும் கொடுத்துப் பாடினாள். காற்று மட்டும் கிழிந்துகொண்டு வந்தது. என் கை தானாக நின்றுவிட்டது, கம்பு நழுவி விழுந்தது.

மச்சான் டேப்பை நிறுத்தினார். அவர் அழுதுகொண்டிருந்தார். அக்கா கண்ணைத் திறந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அழவில்லை, கோபமாக இருந்தாள். என் கம்பை எடுத்து என் கையில் திணித்தாள்.

"ஏண்டா நிறுத்துன?" என்றாள் அந்தக் கரகரப்பில். "நான் இன்னும் பாடி முடிக்கல."