மஞ்சள் வயிற்றுத் தேரைகள்

பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிற ஆள் நான். படித்தது விலங்கியல், கல்லூரியில் எலும்புக்கூட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டிபன் சாப்பிட்டவள். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்கு வருத்தமில்லை. வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் ஜெர்மனியில் ஆஹென் நகரத்தில் இருந்தோம். என் வீட்டுக்காரர் ஜெபராஜ் அங்கே பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார், எனக்கு வேலை கிடையாது. ஹெல்கா என்று ஒரு பள்ளி ஆசிரியை பழக்கமானாள். அவளுக்குத் தவளை, தேரை என்றால் உயிர். மழை விட்ட காலையில் காட்டுக்குக் கூட்டிப்போய், கறுப்பு உடம்பில் மஞ்சள் திட்டுத்திட்டாக, ஈரத்தோலோடு அரணை மாதிரி ஊர்கிற சாலமாண்டரைக் காட்டுவாள். தேரையைக் கையில் எடுத்தால் முதலில் கண்ணைப் பார் என்பாள். சாதாரணத் தேரைக்குக் கண்மணி படுத்த கோடு, மணி அடிப்பது போலக் கூப்பிடுகிற மணித்தேரைக்கு நின்ற கோடு, மஞ்சள் வயிற்றுத் தேரைக்கு இதய வடிவம். நம்பமாட்டீர்கள், சின்ன இதயமேதான்.

ஊருக்கு வெளியே கைவிட்ட கல்குவாரி ஒன்று இருந்தது. அதில் குப்பை கொட்டி மூடப்போகிறார்கள் என்று பேச்சு. அருகிவருகிற மஞ்சள் வயிற்றுத் தேரை அங்கே இருப்பது உறுதியானால் சண்டை போட்டுத் தடுத்துவிடலாம் என்று ஹெல்கா துடித்தாள், ஆனால் அந்த வாரம் பார்த்து அவளுக்குக் கால் சுளுக்கிக்கொண்டது. நீ போய்ப் பார்த்துச் சொல், உன் கண்ணை நம்புகிறேன் என்றாள். ஜெபராஜ் நண்பரிடம் பழைய கார் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார்.

"தவளை பாக்க நான் டிரைவரா? ஊருக்கு லெட்டர்ல எழுதிராத, மானம் போயிரும்."

மே மாதம். அங்கே ராத்திரிச் சாப்பாடு முடிந்த பிறகும் வானத்தில் வெளிச்சம் இருக்கும். காரை மேலேயே நிறுத்திவிட்டு மண்பாதையில் இறங்கினோம். லாரிச் சக்கரம் பதிந்த பள்ளங்களில் எல்லாம் தண்ணீர். அந்தப் பள்ளங்களிலேயே இருந்தன, காலை விரித்து மிதந்துகொண்டு, களிமண் நிறத்தில், பெருவிரல் அளவுதான். ஒன்றை எடுத்துத் திருப்பினேன், வயிறு பளீரென்று மஞ்சள், கண்ணில் இதயம். அது என் கையில் ஒன்றுக்குப் போனது, அவ்வளவுதான், சாதுவான பிராணி. வந்த வேலை முடிந்தது. ஆனால் குவாரியின் அடியில் தேங்கிக்கிடந்த குட்டையைச் சுற்றிக் கல்லிடுக்குகளில் மணித்தேரைகள் கூப்பிட ஆரம்பித்திருந்தன. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுப் போகலாம் என்று ஆசை. ஜெபராஜ் ஒரு கல்லில் உட்கார்ந்து சிகரெட் பற்றவைத்தார்.

ஒன்று சொல்ல வேண்டும். ஆள் நடந்தால் அந்த இடத்துத் தேரைகள் மட்டும் வாயை மூடிக்கொள்ளும், ஆள் தாண்டியதும் திரும்ப ஆரம்பிக்கும். பழகிய காது இருந்தால் கண்ணை மூடிக்கொண்டே ஆள் எங்கே நடக்கிறான் என்று சொல்லிவிடலாம்.

எதிர்க்கரையில் சத்தம் நின்றது.

"என்னங்க, அந்தப் பக்கம் போகாதீங்க, எல்லாம் நிறுத்திடுது" என்றேன்.

"நான் இங்கதானே இருக்கேன்" என்று எனக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

அந்த மௌனம் நகர்ந்தது. முன்னால் இருப்பவை நின்றன, பின்னால் இருப்பவை மறுபடி கூவின, ஒரு மனுஷன் நிதானமாக நடக்கிற வேகத்தில் கரையைச் சுற்றி எங்களை நோக்கி வந்தது. கரை முழுக்க எனக்குத் தெரிகிறது, வெளிச்சம் இருக்கிறது, யாரும் இல்லை. ஜெபராஜ் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்று "ஹலோ" என்று கூப்பிட்டார்.

மஞ்சள் வயிற்றுத் தேரைக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆபத்து தலைக்கு மேல் வந்துவிட்டால் முதுகை வில்லாக வளைத்து, கைகால்களைத் தூக்கி, அடியில் உள்ள மஞ்சளைக் காட்டும். நான் விஷம், தொடாதே என்று அர்த்தம். நான் கையில் எடுத்தபோதுகூட அந்தத் தேரை அப்படிச் செய்யவில்லை. இப்போது எங்களுக்கு முன்னால் இருந்த பள்ளத்தில் ஒன்று வளைந்தது. அடுத்த பள்ளத்தில் ஒன்று. அப்புறம் இன்னும் கிட்டே. எனக்கும் அவருக்கும் நடுவே ஒரு கை இடைவெளி, அந்த இடைவெளியில் ஈரத்தில் கிடந்த தேரை மெல்ல வளைந்து என்னைப் பார்த்து மஞ்சளைக் காட்டியது. அடுத்தது எங்களுக்குப் பின்னால் வளைந்தது.

"அது மேல போகுதுங்க."

"எது?"

எது என்று நான் சொல்ல?

"கார் மேலதான நிக்குது" என்றார் அவர். குரலே மாறியிருந்தது.

போகாமல் முடியாது, வேறு வழி கிடையாது, இருட்டவும் தொடங்கிவிட்டது. டார்ச் அடித்துக்கொண்டு ஏறினோம். பாதை நெடுக ஒவ்வொரு பள்ளத்திலும் தேரைகள் வில்லாக வளைந்து கிடந்தன, நாங்கள் வருவதற்கு முன்பே. ஒன்றாவது சும்மா மிதக்காதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். கடைசியாக வளைந்து கிடந்தது காரின் பின்கதவுக்கு நேர் கீழே. காருக்கு அப்பாலும் பள்ளங்கள் இருந்தன. அங்கேயும் டார்ச் அடித்துப் பார்த்தேன். அங்கே தேரைகள் காலை விரித்து நிம்மதியாக மிதந்தன.

கதவுகள் எல்லாம் மூடித்தான் இருந்தன, உள்ளே யாரும் இல்லை.

"ஏறு ஸ்டெல்லா. திரும்பிப் பாக்காத."

கிளம்புமுன், பின்சீட்டைக் காட்டுகிற கண்ணாடியைக் கூரைப் பக்கமாகத் திருப்பிவிட்டார். வீட்டு வாசலில் அவர் இறங்கி, பின்கதவைத் திறந்து, பெரியவர்கள் இறங்கக் காத்திருப்பது போல ஒரு நிமிடம் ஒதுங்கி நின்று, பிறகு மூடினார்.

ஹெல்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அந்தத் தேரை சும்மா வளையாது, அதற்கு எதுவோ தெரிந்திருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள். கல்குவாரியை மூடவில்லை, அவள் போராடித் தடுத்தாள். என்னை மறுபடி கூப்பிட்டாள், நான் போகவில்லை.

ஜெபராஜ் அதைப் பற்றிப் பேசவே மாட்டார். வற்புறுத்திக் கேட்டால், "மண்ணு லேசா அதிர்ந்திருக்கும், வைப்ரேஷன்" என்பார். ஊர் திரும்பி, நாகர்கோவிலில் வீடு கட்டி, எத்தனையோ கார் மாற்றியாயிற்று. ஆனால் இன்றைக்கும் வெளியே போய் வந்தால் அவர் பின்கதவைத் திறந்து, கொஞ்சம் நின்று, மூடுகிறார். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி உள்ளே போய்விடுவேன். போன மழைக்காலத்தில்தான் தாங்காமல் கேட்டேன்.

"யாருக்குங்க திறந்துவிடுறீங்க?"

குடையை மடக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அன்னைக்கு நான் கதவைத் தொறந்தேன்ல... யாரும் இறங்கல, ஸ்டெல்லா."