உங்கள் மாமா வயரிங் செய்த லாரி

மக்களே, போன மாதம் கல்யாண வீட்டுப் பந்தியில் உங்கள் மாமா மறுபடியும் அந்தக் கதையை எடுத்துவிட்டார். நம் பழைய லாரிக்கு ஒற்றை ஆளாக வயரிங் செய்து, எஃப்.சி. வாங்கிக் கொடுத்து, உங்கள் அப்பனை முதலாளி ஆக்கியதே தான்தான் என்று. நீங்களும் பாயாசம் ஆறுவது தெரியாமல் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தீர்கள். எதிர் வரிசையில் இருந்த எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்காதவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததில் பிழை வரக் கூடாது என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. உங்களில் மூத்தவள் அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். நான் குருவிகுளம் பக்கம் ஒரு கல்குவாரியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். மூக்கு நீண்ட பழைய லாரி. அதைக் கழித்துவிடப் போவதாக முதலாளி சொன்னதும், எனக்கே கொடுத்துவிடுங்கள் என்று கேட்டுவிட்டேன். கேட்டது நான். வழி சொன்னது உங்கள் அம்மா. பிறந்த வீட்டுப் பங்காக வந்த இரண்டு விசைத்தறிகளையும் விற்கச் சொன்னாள். தறிகள் போன பிறகு அந்த இடத்தில் சிமெண்டுத் தரையில் போல்ட் இறங்கிய ஓட்டைகள்தான் மிச்சம். அவள் அடுத்த தெருவில் இன்னொருவருடைய ஷெட்டுக்குக் கூலிக்குப் போனாள்.

வேலை தயாராகத்தான் இருந்தது. தறியில் நெய்த துண்டுகளைக் கட்டிய பேல்களை விருதுநகருக்குக் கொண்டுபோக வண்டி வேண்டும் என்று ஒரு தறி முதலாளி தேடிக்கொண்டிருந்தார். "பொங்கல் வரைக்கும் ஒமக்காகப் பாக்கேன். அதுக்குள்ள எஃப்.சி. காட்டிட்டு வாரும். இல்லைன்னா வேற வண்டி அமத்திருவேன்" என்று சொல்லிவிட்டார். எஃப்.சி. என்றால் வண்டி ரோட்டில் ஓடத் தகுதி உண்டு என்று பிரேக் இன்ஸ்பெக்டர் போடும் கையெழுத்து. அது கிடைக்காவிட்டால் லாரி வெறும் இரும்பு. அதற்காக விற்ற தறிகளும் போனது போனதுதான். நான் மறுபடி இன்னொருவன் வண்டிக்கு டிரைவர். உங்கள் அம்மா ஆயுசுக்கும் கூலித் தறி.

வீட்டுக்குப் பின்னால் இருந்த காலிமனையில் வண்டியை நிறுத்தினேன். எஞ்சின் எனக்குப் பழகிய எஞ்சின். பிரேக்கையும் கிளட்சையும் நானே பார்த்துக்கொண்டேன். வயரிங்தான் என்னைக் கொன்றது. அந்தக் கால வயர், மேலே நூல் பின்னியிருக்கும். வளைத்தால் அப்பளம் மாதிரி உடைந்தது. உடையாத இடத்தை எலி கடித்திருந்தது. எலி கடிக்காத இடத்தில் எந்தக் காலத்திலோ எவனோ துணியைச் சுற்றி வைத்திருந்தான். இதற்கு நடுவில் நான் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடக்கும்போது, எதிர்வீட்டு அம்மாள் லாரித் தட்டில் மிளகாய் வத்தலைக் காயப்போட்டுவிட்டுப் போய்விடுவார். பலகை இடுக்கு வழியாக விதை என் கண்ணில் விழும். எடுக்கச் சொன்னால், "நிக்கிற வண்டிதானய்யா, அதுவாட்டுக்கு நிக்கட்டும்" என்பார்.

இந்த லட்சணத்தில்தான் உங்கள் மாமா வந்து சேர்ந்தார். அவர் அப்போது தறி ஷெட்டுகளில் வயர்மேன். எந்த மோட்டார் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வேலை சுத்தமாக இருக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதுவரை அவர் கை வைத்ததெல்லாம் கட்டிடத்துக்குள் இருக்கும் கரண்டு.

வந்த அன்றைக்கே ஆரம்பித்துவிட்டார்.

"என்ன அத்தான், லைட்டுக்கு ஒத்த வயரு மட்டும் போகுது? திரும்பி வார வயரு எங்க?"

"திரும்பி வாரதுக்கு வயரு கிடையாது மாப்ளே. வண்டி இரும்பு வழியாவே திரும்பிரும். பேட்டரியோட ஒரு முனையச் சேஸ்ல முறுக்கியிருக்கு பாரு."

கதவில் சாய்ந்து நின்றவர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

"இரும்பு வழியாவா? ஷெட்டுல இரும்புல கரண்டு இறங்கினா என்ன ஆகும்னு தெரியும்லா ஒங்களுக்கு?"

"இது பேட்டரி கரண்டுலே. கடிக்காது. உலகத்துல எல்லா லாரியும் இப்படித்தான் ஓடுது."

"ஓடட்டும். அதெல்லாம் எங்க அக்கா வீட்டு லாரியா?"

நான் சிரித்துவிட்டு வண்டிக்கு அடியில் போய்விட்டேன். அந்த இடத்தில் சிரித்திருக்கக் கூடாது. பேச்சு அதோடு முடிந்தது என்று நினைத்தேன். வேலையைப் பிரித்துக்கொண்டோம். டேஷ் போர்டு, டைனமோ, முன்னால் இருக்கும் சின்ன லைட்டுகள் இவை என் பக்கம். இரண்டு ஹெட்லைட், ஹாரன், பின்லைட்டுகள் இவை மாமா பக்கம். ஷிப்டு இல்லாத நேரமாகப் பார்த்து வந்து, விசிலடித்துக்கொண்டே மாட்டினார். வயரை நூல் பிடித்தது போல நேராக ஓட்டி, கிளிப் அடித்து, பார்க்கக் கண்கொள்ளாத வேலை. உங்கள் அம்மா ஷெட்டிலிருந்து வந்ததும் டார்ச் அடித்துக் காட்டுவார். அவளும், "எந்தம்பி வேலைன்னா வேலைதான்" என்று என்னை ஒரு பார்வை பார்ப்பாள்.

எல்லாம் முடிந்து சுவிட்சைப் போட்டேன்.

ஹெட்லைட் எரியவில்லை. ஹாரன் அடிக்கவில்லை. பிரேக்கை மிதித்தால் பின்னால் சிவப்பு வருவதற்குப் பதிலாக, முன்னால் இருக்கும் சின்ன லைட்டுகள் மங்கலாக எரிந்தன. காலை எடுத்தால் அணைந்தன. மறுபடி மிதித்தேன். மறுபடி எரிந்தன. என் வாழ்க்கையில் எத்தனையோ வண்டி ஓட்டியிருக்கிறேன். பிரேக் பிடித்தால் முன்னால் முழிக்கிற வண்டியை நான் பார்த்ததில்லை.

"ஒங்க சுவிட்சுலதான் கோளாறு அத்தான்" என்றார் மாமா.

சுவிட்சைக் கழற்றினேன். சரியாக இருந்தது. பல்புகளை மாற்றினேன். பியூஸைத் தேய்த்தேன். பேட்டரியைச் சார்ஜ் ஏற்றக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மாமா இழுத்த வயர் முழுவதையும் பிய்த்து எறிந்துவிட்டு, நானே புது வயர் இழுத்தேன். லைட்டுகளை மட்டும் கழற்றவில்லை. அவை இறுக்கமாக, அழகாக உட்கார்ந்திருந்தன. வயர் முனையை மட்டும் மாற்றிப் பின்னால் செருகினேன். சுவிட்சைப் போட்டால் அதே கூத்து. கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரை விட்டெறிந்தேன். அது எதிர்வீட்டு வத்தலில் போய் விழுந்தது. அதற்கும் ஏச்சு வாங்கினேன்.

இதில் இன்னொரு உபத்திரவம் பழைய இரும்பு வியாபாரி. சந்தைக்கு வரும்போதெல்லாம் நம் மனைக்குள் ஒரு நடை வந்துவிடுவார். கையில் ஒரு சின்னச் சுத்தியல். மட்கார்டில் ஒரு தட்டு, கதவில் ஒரு தட்டு.

"அண்ணாச்சி, இன்னைக்காவது மனசு மாறுச்சா? சத்தத்தக் கேட்டியளா? நல்ல கனம். உள்ள லைட்டு எரிஞ்சா என்ன, எரியாட்டி என்ன, நமக்கு ஒண்ணுதான்."

"தட்டாதேயும்வே. பெயிண்டு இப்பத்தான் அடிச்சிருக்கு."

"பெயிண்டு எனக்கு வேண்டாம், நீங்களே வச்சுக்கிடுங்க."

எஃப்.சி. காட்டக் குறித்த நாளுக்கு முந்தின நாளும் வந்தார். காலையிலிருந்து நான் சாப்பிடவில்லை. உங்கள் அம்மா வேலைக்குப் போகாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். ஏசியிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும். நான் எல்லாச் சுவிட்சையும் போட்டுவிட்டு வண்டியையே முறைத்துக்கொண்டு நின்றேன். வியாபாரி வழக்கம்போல மட்கார்டைத் தட்டிவிட்டு, ஹெட்லைட் பக்கமாகச் சுத்தியலைச் சாய்த்தார். சுத்தியலின் ஒரு பக்கம் லைட்டின் வளையத்தில், மறுபக்கம் மட்கார்டு விளிம்பில், அவர் தட்டித் தட்டிப் பெயிண்டு உதிர்ந்த இடத்தில்.

ஹெட்லைட் பளீரென்று எரிந்தது.

அவர் பயந்து சுத்தியலை எடுத்தார். அணைந்தது.

"எடுக்காதேயும்! வையும்வே! அங்கனயே வையும்!" என்று கத்தினேன்.

வைத்தார். எரிந்தது.

ஓடிப்போய் ஸ்பேனரை எடுத்து லைட்டைக் கழற்றினேன். அடியில் சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி வைத்திருந்தது. போல்ட்டுகளைப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் சைக்கிள் வால்டியூப், அந்த மெல்லிய ரப்பர் குழாய், மாட்டியிருந்தது. தலைக்கு அடியில் ரப்பர் வாஷர். லைட்டின் இரும்பு எந்த இடத்திலும் வண்டியின் இரும்பைத் தொடாதபடி அவ்வளவு பொறுமையாகச் செய்த வேலை. மற்ற ஹெட்லைட்டிலும் அப்படியே. ஹாரனிலும் அப்படியே. பின்லைட்டுகளிலும் அப்படியே. கரண்டு திரும்பிப் போக ஒரு வழி விடாமல் அடைத்து வைத்திருந்தார் உங்கள் மாமா. பின்லைட்டுக்குப் போன கரண்டு வேறு வழி இல்லாமல்தான் முன்னால் இருந்த சின்ன லைட்டுகள் வழியாகச் சுற்றிப் போயிருக்கிறது.

வியாபாரி எட்டிப் பார்த்தார். "இந்த ரப்பரையும் சேத்து எடைக்கு எடுத்துக்கிடுதேன்" என்றார். அவரை அடிக்காமல் விட்டேன், அவரால்தான் எரிந்தது என்பதற்காக.

மாமாவை ஷெட்டிலிருந்து கூட்டி வரச் செய்தேன். தரையில் பரப்பி வைத்த ரப்பர்களைப் பார்த்தார். முகத்தில் ஒரு வெட்கமும் இல்லை.

"என்னலே இது?"

"பாதுகாப்புக்கு அத்தான்."

"யாருக்குலே பாதுகாப்பு? ஒங்க அக்கா தறிய வித்து வாங்குன வண்டி. நாளைக்கு இன்ஸ்பெக்டர் முன்னால நான் நின்னு என்ன சொல்ல? எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்ன?"

"சொன்னா நீங்க சிரிப்பிய."

"வயரு பூராவும் பிய்ச்சுப் போட்டேனே, அப்பச் சொல்ல என்ன?"

அதற்குத்தான் அவர் தலை குனிந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "நான் வேலைக்குச் சேந்த புதுசுல ஒரு தறிக்காரரு, தறி இரும்புல கை வச்சபடியே போயிட்டாரு. மெயினை ஆஃப் பண்ண நாந்தான் ஓடினேன். நான் போய்ச் சேரதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. நீங்க நாள் பூராவும் இந்த இரும்புக்குள்ளதான உக்காரப் போறிய."

எனக்குக் கோபம் எங்கே போயிற்று என்று நினைப்பீர்கள். ஒரு இடத்துக்கும் போகவில்லை. ஆனால் ஏசுவதை விட்டுவிட்டு, பேட்டரியின் இரண்டு முனையிலும் இரண்டு கையையும் வைத்துக் காட்டினேன். மாமா கண்ணை மூடிக்கொண்டார். உங்கள் அம்மா, "ஏங்க, எடுங்க கைய!" என்று அலறினாள். "பாத்தியா, ஒண்ணும் ஆகல. கழட்டு எல்லாத்தையும்" என்றேன். நானும் அவருமாகக் கழற்றினோம். அப்போதும் அவர் பக்கத்தில் ஒரு காய்ந்த விறகுக் கட்டையை வைத்துக்கொண்டார். எனக்கு ஏதாவது ஆனால் தட்டிவிட.

எல்லா லைட்டும் எரிந்தது. ஹாரன் அடித்த அடியில் எதிர்வீட்டு அம்மாள் வத்தலை அள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் விடியற்காலை, நம்பர் பிளேட் லைட் உடைந்து கிடப்பதைக் கவனித்தேன். நான் குளித்துக் கிளம்புவதற்குள் மாமாவே புதிதாக ஒன்று மாட்டிவிட்டார். அவசரத்தில் நானும் பார்க்கவில்லை. திருநெல்வேலி வரைக்கும் கூடவே வந்தார். சீட்டில் சாக்கை விரித்து, காலுக்கு அடியில் பலகைத் துண்டு போட்டுக்கொண்டு.

எஃப்.சி. பார்க்கும் மைதானத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றி வந்தார். பிரேக் பார்த்தார், ஸ்டியரிங் பார்த்தார், ஹெட்லைட், ஹாரன், பின்லைட், எல்லாம் சரி. பின்னால் குனிந்து, "நம்பர் பிளேட் லைட் எரியலையேப்பா" என்றார். மாமாவைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார்.

குனிந்து பார்த்தேன். ரப்பர்.

"ஏலே, நேத்து அவ்வளவு சொன்னனேலே!" என்று பல்லைக் கடித்தேன்.

"லோடுமேன் ஏறும்போது அதைத்தான் அத்தான் பிடிப்பான்" என்று காதோரம் சொன்னார்.

இன்ஸ்பெக்டரும் பார்த்துவிட்டார். "இதென்னய்யா, லைட்டுக்குச் செருப்பு மாட்டியிருக்கீங்க?"

"சார், அது வந்து..." என்று ஆரம்பித்த மாமாவின் கையைப் பிடித்து அழுத்தினேன். ஷெட் கதையை அங்கேயும் ஆரம்பித்தால், பொங்கல் அந்த மைதானத்திலேயே வந்துவிடும்.

"அடுத்த வண்டியப் பாத்துட்டு வாரேன். அதுக்குள்ள எரிஞ்சாக் கையெழுத்து. இல்லைன்னா இன்னொரு நாள் வாங்க" என்று நகர்ந்தார். இன்னொரு நாள் என்றால் பொங்கலுக்குப் பிறகு. ஸ்பேனர் வழுக்கியது. மாமாதான் தன் தோள்துண்டால் போல்ட்டைத் துடைத்துக் கொடுத்தார். அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அடுத்த பந்தியில் என்னைப் பொய்யன் என்பார். ரப்பரைப் பிடுங்கி நேராக முறுக்கினேன். இன்ஸ்பெக்டர் திரும்பி வரும்போது லைட் எரிந்துகொண்டிருந்தது. கையெழுத்துப் போட்டார்.

ஆக, உங்கள் மாமா எஃப்.சி. வாங்கிக் கொடுத்தது இந்த விதமாகத்தான்.

திரும்பும்போது வண்டியில் ஏறச் சொன்னேன். "ஷிப்டுக்கு நேரமாச்சு அத்தான், பஸ்ஸுல போயிருதேன்" என்றார். லாரி பஸ்ஸைவிட முந்திப் போய்விடும் என்று அவருக்கும் தெரியும். நான் வற்புறுத்தவில்லை.

தனியாக ஓட்டி வந்தேன். மேலநீலிதநல்லூருக்கு ரோடு பிரியும் விலக்குக்குப் பக்கத்தில் ரோட்டில் ஒரு ஆள் இல்லை. மானாவாரிக் காடு இரண்டு பக்கமும் வெயிலில் கிடந்தது. வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைக்காமல், ஹெட்லைட் சுவிட்சைப் போட்டுவிட்டு இறங்கினேன். முன்னால் போய்ப் பார்த்தால், அந்த உச்சிவெயிலில் எரிகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. குனிந்து, கண்ணாடியின் மேல் இரண்டு கையையும் குவித்து வைத்து, நடுவில் கண்ணை வைத்துப் பார்த்தேன். எரிந்தது. அடுத்ததற்கும் போய் அதே மாதிரி பார்த்தேன். அதுவும் எரிந்தது. பிறகு ஏறி, சுவிட்சை அணைத்துவிட்டு, கியரைப் போட்டேன்.