ஊன்றிய கால்

மத்திகிரி வளைவில் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்ததில், என் இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. மாவுக்கட்டைப் பிரித்த அன்றே அந்தக் காலை ஊன்றி நடக்கச் சொன்னார் டாக்டரம்மா. வீட்டுக்கு வந்ததும், "வலி உயிர் போவுதுங்க" என்று கணவரிடம் பொய் சொன்னேன். வலியே இல்லை. ஊன்றினால் மறுபடி உடைந்துவிடும் என்ற பயம்தான். ஒரு மாதம் அவர் கம்பெனிக்கு லீவு போட்டு, குளியலறைக்குக்கூட என்னைத் தூக்கிக்கொண்டு போனார்.

அடுத்த முறை போனபோது டாக்டரம்மா, "நடக்கறீங்களா?" என்று கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் கணவர் முந்திக்கொண்டார். "அவளத் திட்டாதீங்க மேடம். ரொம்ப வலிக்குதாம். நடக்கற வரைக்கும் நான் தூக்கிக்கறேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "வலியெல்லாம் இல்லீங்க மேடம். பயந்துகிட்டு இவருகிட்ட பொய் சொல்லிட்டேன்."

கணவர் என் கண்ணைத் துடைத்துவிட்டார். டாக்டரம்மா புது எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். முறிந்த இடத்தைச் சுற்றி வெள்ளையாகத் திரண்டிருந்தது.

"இதெல்லாம் உங்க உடம்பு கட்டின புது எலும்பு. நடக்க நடக்க இன்னும் உறுதியாகும்."

டாக்டரம்மா தந்த வாக்கரைப் பிடித்து எழுந்து நின்றேன்; பிறகு அதைக் கணவரிடம் கொடுத்துவிட்டு இடது காலை ஊன்றினேன். தாங்கியது! வராந்தாவின் கோடி வரை நடந்து, திரும்பியும் வந்தேன். "மெதுவா, மெதுவா" என்று பின்னாலேயே வந்த கணவர், கடைசியில் வாய்விட்டுச் சிரித்தார்.

இன்று ஷிப்ட் முழுக்க நின்றபடியே வேலை செய்கிறேன். நான் பயந்து படுத்துக் கிடந்த நாளெல்லாம் எனக்காக உழைத்தவர்கள் இரண்டு பேர்: என் கணவர், என் எலும்பு.