யாருமில்லீங்க, கதைங்க

எங்கள் அக்கா கண்மூடி ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றிப் பெருமையாக நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். அக்காவுக்குப் புகழ்ச்சி பிடிக்காது, கதைதான் பிடிக்கும். அதனால் அதையே எழுதுகிறேன்.

அக்கா பிறந்ததும், வாழ்க்கைப்பட்டதும், மிளகுக் கொடி வளர்த்ததும் கொல்லிமலையில்தான். மாமா இளம் வயதிலேயே தவறிவிட்டார். பிள்ளைகள் இல்லை. கீழே ராசிபுரத்தில் வேலையில் இருந்த நான் எத்தனை முறை கூப்பிட்டும், "கொடிய உட்டுட்டு எங்க கண்ணு வர்றது?" என்று மறுத்துவிட்டார்.

நூலகத்தில் அக்கா புத்தகம் எடுப்பதைப் பார்க்க வேண்டுமே! அட்டையைப் பார்க்க மாட்டார். எழுதியவர் யாரென்றும் கேட்க மாட்டார். நடுவில் பிரித்து, ஆட்கள் பேசிக்கொள்கிறார்களா என்று பார்ப்பார். மாமியார், மருமகள், கொழுந்தன், ஓரகத்தி என்று வீடு நிறைய ஆள் இருந்தால் எடுத்துக்கொள்வார். மலையும் மழையுமாக வர்ணனை வந்தால் மூடிவிடுவார். "மலையத்தான் தெனமும் பாக்கறனே" என்பார்.

முற்றத்தில் மிளகைக் காயப்போட்டுவிட்டுச் சத்தம் போட்டுப் படிப்பார். சண்டைக் கட்டம் வந்தால் இரண்டு பக்கமும் அவரே பேசுவார். ரோட்டில் போகிறவர்கள் விருந்தாளி வந்திருப்பதாக நினைத்து, "ஏனுங்க, யாரு வந்திருக்காங்க?" என்று எட்டிப் பார்ப்பார்கள்.

"யாருமில்லீங்க, கதைங்க" என்று அக்கா சிரிப்பார்.

ஓய்வு பெற்று நான் மேலே வந்தபோது அவருக்குப் பார்வை மங்கியிருந்தது. நான்தான் படித்துக் காட்டினேன். போன மழையில் அக்கா படுத்த படுக்கையானார். ரோடு சரிந்து பஸ் நின்றுபோனதால் நூலகம் போக வழியில்லை. கையில் இருந்தது, நான் அட்டையைப் பார்த்து ஏமாந்து எடுத்து வந்த ஒரு புத்தகம். ஆளே இல்லாத வீட்டில் தனிக்கட்டையாக வாழும் ஒரு கிழவரின் கதை. அதை அப்படியே படிக்க எனக்கு மனசு வரவில்லை. கிழவருக்கு ஒரு தங்கையைச் சேர்த்தேன். மறுநாள் தங்கைக்கு ஒரு மாமியார். அந்த அம்மாளுக்கு ஓயாத வாய்.

அக்கா கண்ணைத் திறக்காமலே கேட்டார். "ஏங்கண்ணு, இத்தன பேரும் புஸ்தகத்துலயா இருக்காங்க?"

"இருக்காங்கக்கா."

"பொய் சொல்றே. செரி, யாரையும் போகச் சொல்லீராத. படி."

அந்தக் கதை முடியும் முன் அக்கா போய்விட்டார்.

சரிந்த ரோட்டில் நடந்தே மருந்து கொண்டுவந்த பக்கத்துத் தோட்டத்தாருக்கும், வீடு தேடி வந்து பார்த்த செவிலியருக்கும், காரியத்தன்று வீடு நிறைய உட்கார்ந்து பேசிய உங்கள் எல்லாருக்கும் நன்றி. அன்று எங்கள் வீடு அக்கா எடுத்து வரும் புத்தகம் போலவே இருந்தது. நீங்கள் போன பிறகு ஒரு சத்தமும் இல்லை.

இப்போது நானும் முற்றத்தில் உட்கார்ந்து சத்தமாகத்தான் படிக்கிறேன். ரோட்டில் போகும்போது காதில் விழுந்தால், கதைதானே என்று போய்விடாதீர்கள். உள்ளே வாருங்கள்.

தங்கை