சுண்டலுக்கு ஒரு பாக்கெட்

தைத்து முடித்த பையை அஃப்சருன்னிசா அப்படியே அடுக்கி வைத்துவிடுவதில்லை. உள்ளே ஒரு முழுத் தேங்காயைப் போட்டு, கடை வாசலில் நின்று, கைப்பிடியைப் பிடித்து முன்னும் பின்னுமாக வீசுவார். சந்தில் போகிறவர்கள் ஒதுங்கித்தான் போக வேண்டும். ஒருமுறை கைப்பிடி பிய்ந்து, தேங்காய் பறந்துபோய் எதிரே நின்ற ஸ்கூட்டரின் மேல் விழுந்து உடைந்தது. வண்டிக்காரர் சண்டைக்கு வந்தார். "உன் வண்டிக்கி இன்னா ஆச்சி? என் தேங்காதான் போச்சி. திஷ்டி கழிஞ்சிதுன்னு நெனச்சிக்கினு போ நைனா" என்று அவரை அனுப்பிவிட்டு, அந்தக் கைப்பிடிக்கு இன்னொரு தையல் போட உட்கார்ந்துவிட்டார்.

மயிலாப்பூர் குளத்துக்குப் பின்பக்கம், இரண்டு ஆட்டோ எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்கியே ஆகவேண்டிய சந்து. அதில் நூர் முஹம்மது பாயின் கடை. குடை, பை, ஜிப் ரிப்பேர். என் தோள்பையின் ஜிப் அடிக்கடி வாயைப் பிளந்துவிடும் என்பதால் நான் அங்கே நிரந்தர வாடிக்கை. இந்த வருடம் ஆனி மாதத்தில் போனபோது பாய் தன் ஸ்டூலோடு கடையின் பின்பாதிக்கு ஒதுங்கியிருந்தார். முன்பாதியில் தையல் மிஷின், மஞ்சள் துணிக் குவியல், நடுவில் அவர் மனைவி அஃப்சருன்னிசா.

ஐம்பதைத் தொட்டவர். உருவம் சிறியது, குரல் பெரியது. பேசும்போதும் உதட்டில் இரண்டு குண்டூசிகள் இருக்கும். விழுங்கிவிடுவாரோ என்று நமக்குத்தான் பயம். டீயைத் தட்டில் ஊற்றி ஆற்றித்தான் குடிப்பார். கத்தரிக்கோலை வீட்டு அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைப்பார். வெளியே வைத்தால் யாராவது காகிதம் வெட்டி மழுக்கிவிடுவார்களாம். மிஷின் மக்கர் பண்ணினால் முதலில் அதனிடம் உருதுவில் கெஞ்சுவார், கேட்காவிட்டால் தமிழில் திட்டுவார். தமிழுக்குத்தான் அது பயப்படும் என்பது பாயின் அபிப்பிராயம்.

பல வருடமாக வீட்டில் உட்கார்ந்து தி.நகர் கடைகளின் புடவைகளுக்கு ஃபால்ஸ் தைத்தவர். சொந்தமாக ஒரு தொழில் வேண்டும் என்ற ஆசை, கே.கே. நகரில் பெண்களுக்கு நடந்த ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய் வந்த பிறகு வெறியாகிவிட்டது. கல்யாண வீடுகளில் கொடுக்கும் தாம்பூலப் பை தைப்பது என்று முடிவு செய்தார். ஆடி முடியும்வரை கடையின் முன்பாதி அவருக்கு என்று பாய் ஒப்புக்கொண்டார். அதற்குள் வியாபாரம் பிடிக்காவிட்டால், பாயின் தம்பி ஃபராஸ் அங்கே செல்போன் கவர் கடை போடுவதாக ஏற்பாடு. "அப்பால நா மறுபடி வூட்ல குந்திகினு அடுத்தவன் புடவைக்கி ஓரம் அடிக்கணும். சாவுற வரைக்கும் ஓரந்தான் சார்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் உதட்டில் இருந்த குண்டூசியை எடுத்துத் துணியில் ஓங்கிக் குத்தினார்.

பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி பக்காவாகப் பிளான் போட்டார். எந்தத் துணி சாயம் போகாது என்று வாங்கி வந்து துவைத்துப் பார்த்தார். கைப்பிடி எவ்வளவு நீளம் இருந்தால் தரையில் இடிக்காது என்று தெருப் பெண்களை எல்லாம் பையோடு நடக்கவிட்டுப் பார்த்தார். நாதஸ்வரமும் தவிலும் போட்டு, கீழே 'திருமணத் தாம்பூலம்' என்று எல்லாப் பைகளிலும் அச்சடிக்க ஏற்பாடு செய்தார். வியாபாரத்தை ஆடி முதல் தேதி ஆரம்பிப்பது என்று நாளும் குறித்தாயிற்று. ஏன் ஆடி? அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஒவ்வொரு ஆடியிலும் தி.நகரில் கால் வைக்க இடம் இருக்காது. ஃபால்ஸ் தைக்க வரும் பட்டுப்புடவைகள் மலையாகக் குவியும். அவ்வளவு பட்டு வாங்கினால் அவ்வளவு கல்யாணம் என்றுதானே அர்த்தம்? எல்லாவற்றையும் பார்த்தவர் பஞ்சாங்கத்தை மட்டும் பார்க்கவில்லை. பாய்க்கும் அந்தக் கணக்கு தெரியாது. ஆரம்பிக்கும் தேதியை என்னிடம் சொல்லவும் இல்லை. குடைக்காரருக்கு எந்த மாதமானாலும் மழை வருமா என்பதுதான் கவலை.

ஆடி பிறந்த அன்று மாதிரிப் பைகளோடு தி.நகரில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போனார். நாற்காலிகள் எல்லாம் கவிழ்ந்து கிடந்தன. மணமேடையில் ஏணி போட்டு ஒருவர் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். மேனேஜர் பொன்ராஜ், திருநெல்வேலிக்காரர், பையை விரித்துப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாராம்.

"யம்மா, ஆடியில எவம்மா கல்யாணம் வைப்பான்? மண்டபம் சும்மா கெடக்குன்னுதான் நாங்களே வெள்ளையடிச்சிட்டு இருக்கோம்."

"அப்ப கடைத் தெருவுல அவ்ளோ கூட்டம் இன்னாத்துக்கு?"

"தள்ளுபடிக்கும்மா! கல்யாணம் இல்லாம கடைக்கு ஆளு வராதுன்னுதான தள்ளுபடியே போடுதாவ! இப்ப வாங்கி வச்சி ஆவணில கெட்டுவாவ."

மறுநாள் இதை அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. சுவரை ஒட்டிக் கூரைவரைக்கும் பைகள். ஒவ்வொன்றிலும் நாதஸ்வரம், தவில். மேளச் சத்தம்தான் இல்லை. பாய் மெல்லத் தொண்டையைக் கனைத்து, "ஃபராஸ வரச் சொல்லிடட்டுமா?" என்றார்.

"ஆடி முடிஞ்சிடிச்சா? இன்னும் இல்லல்ல? அப்ப சும்மா கொடைய பாருங்கோ."

அப்படிச் சொல்லிவிட்டாரே தவிர, அடுத்து வந்த நாட்களில் மிஷின் ஓடவில்லை. டீ தட்டிலேயே ஆறிப்போய்க் கிடக்கும். எனக்கு அந்தப் பக்கம் போகவே சங்கடமாக இருந்தது.

பிறகு ஒரு நாள் எங்கள் அடுக்ககத்தின் மூன்றாம் மாடி மாமி குடைக்குக் கம்பி மாற்ற வந்தார். பின்னாலேயே நானும் என் ஜிப்போடு போய் நின்றேன். மாமி ஒரு பையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தையல் நன்னா இருக்கேடிம்மா. வரலக்ஷ்மி நோம்பு வரது, ஆத்துக்கு வரவாளுக்குக் குடுக்கலாம். ஆனா இந்த மேளத்தைப் போட்டுண்டு எப்படிக் குடுக்கறது? போன வருஷம் ஏதோ கவர்ல போட்டுக் குடுத்தேன். சுண்டல் ஜலம் எறங்கி, குங்குமம் கரைஞ்சு, ரவிக்கைத் துணி பூரா பாழ். இன்னி வரைக்கும் என் நாத்தனார் சொல்லிக் காட்டறா."

அஃப்சருன்னிசா உதட்டிலிருந்த ஊசியை எடுத்தார். "உங்க நோம்புல சுண்டலா மாமி? எங்க நோம்புல கஞ்சி. சரி, பையில இன்னா இன்னா போடுவீங்கோ, ஒண்ணு வுடாம சொல்லுங்கோ."

வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், பழம், தேங்காய், ரவிக்கைத் துணி, சுண்டல். மாமி சொல்லி முடிப்பதற்குள் பாயின் பக்கம் கை நீண்டது. "அந்தக் கொடைத் துணிய எடுங்கோ." பாய் புதுக் கறுப்புத் துணிச் சுருளை நீட்டினார். "ஐயையோ, கறுப்பா!" என்று மாமி அலறியதில் சுருள் உள்ளே போய், பெண்கள் குடைக்கு வைத்திருந்த சிவப்பு வெளியே வந்தது. வெட்டினார். துணியை இரண்டாக மடித்து, நாதஸ்வரம், தவில், திருமணம் எல்லாவற்றையும் ஒரேயடியாக மூடி, மேலே ஒரு பாக்கெட்டாக வைத்துத் தைத்தார். தைத்த கையோடு ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து அந்தப் பாக்கெட்டுக்குள் ஊற்றினார். தையல் ஓரத்தில் இரண்டு சொட்டு கசிந்ததோடு சரி. பையின் உள்ளே கை விட்டுப் பார்த்தேன், காய்ந்த துணிதான்.

"மழையே எறங்காது. சுண்டல் தண்ணி எறங்குமா? சுண்டல் வெளிய, துணி உள்ள. ஒண்ணோட ஒண்ணு சண்ட போடாது."

மாமி அந்தப் பையை வாங்கிக்கொண்டு குடையை மறந்துவிட்டுப் போனார். சாயங்காலத்துக்குள் பையின் படம் மாமியின் வாட்ஸ்அப் கூட்டாளிகள் எல்லோருக்கும் போயிருந்தது. மந்தைவெளியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அடையாறிலிருந்து நாலு பெண்கள் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். மாடவீதியில் பூஜைச் சாமான் விற்கிற கடைக்காரர் தானே தேடிக்கொண்டு வந்து, இருப்பதை எல்லாம் தனக்கே தரச் சொல்லிப் பார்த்தார். "உனக்கே குட்த்துட்டா மாமிங்கோ என்ன உரிச்சிடுவாங்கோ" என்று பாதியைத்தான் கொடுத்தார். பாய் குடைகளை ஓரங்கட்டிவிட்டு, சிவப்புத் துணியைப் பாக்கெட் அளவுக்கு வெட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். அரிசி டப்பாக் கத்தரிக்கோல் அவர் கைக்கே வந்துவிட்டது என்றால் அவசரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நோன்புக்கு முந்தின நாள் வியாழக்கிழமை சுவர் வெறுமையாகி, பழைய சுண்ணாம்பு தெரிந்தது. கடைசியாக வந்த பெண், சோதனைக்கு வைத்திருந்த பையை உள்ளே இருந்த தேங்காயோடு பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போனார். அஃப்சருன்னிசா வெறும் சுவரைப் பார்த்து, என்னைப் பார்த்து, சந்து முழுக்கக் கேட்கும்படி, "நா ஜெயிச்சிட்டேன் சார்!" என்றார். எனக்கு நானே ஜெயித்த மாதிரி இருந்தது. ஒரு ஜிப்புக்காகப் போனவன் கை தட்டிக்கொண்டு நின்றேன்.

ஆடியின் கடைசி நாள் மண்டபத்து பொன்ராஜிடமிருந்து போன் வந்தது. ஆவணி முகூர்த்தங்களுக்குப் பை வேண்டுமாம். "அந்த பாக்கெட் வச்ச பைதாம்மா வேணுங்காவ, பொண்ணு வீட்டுக்காரவ. அதுல முறுக்கும் மைசூர்பாவும் போடணுமாம்." இந்த முறை படத்தைப் பாக்கெட்டின் மேலேயே அச்சடித்துத் தருவதாக அஃப்சருன்னிசா சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஃபராஸ் வந்தார். கையில் இரும்பு டேப். அண்ணனிடம் சொன்ன நாளுக்கு டாணென்று வந்துவிட்டார்.

"பாபி, ஆடி முடிஞ்சிச்சி. கண்ணாடி ஷெல்ஃபுக்கு அளவு எடுத்துக்கட்டுமா?" என்றார். அண்ணியை அவர் பாபி என்றுதான் கூப்பிடுவார்.

அஃப்சருன்னிசா போனை வைத்தார். ஃபராஸின் கையிலிருந்து டேப்பை வாங்கினார். முனையை இழுத்து அவர் கையிலேயே திரும்பக் கொடுத்து, வாசல் பக்கத்து மூலையைக் காட்டினார். "இத்த அங்க அழுத்திப் புடி. ரெண்டாவது மிஷினுக்கும் வெட்ற மேஜைக்கும் எடம் பாக்கணும்."

ஃபராஸ் விழித்தார். பிறகு குனிந்து முனையைச் சுவரோடு சேர்த்துப் பிடித்தார். அஃப்சருன்னிசா டேப்பை இழுத்துக்கொண்டு நடந்தார். முன்பாதி முடிந்தது. நிற்கவில்லை. பின்பாதிக்குள்ளும் அதே வேகத்தில் போனார். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த நூர் முஹம்மது பாய் இரண்டு காலையும் மேலே தூக்கிக்கொண்டு டேப்புக்கு வழிவிட்டார்.