வெயிலுக்கு முந்திய முகூர்த்தம்

அப்பா மல்லசமுத்திரத்தில் கல்யாண மண்டபம் கட்டப்போகிறேன் என்றதும், வரைபடம் நான்தான் போடுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். கட்டடக்கலை படித்துவிட்டு, மாடிப்படிக்கு அடியில் கழிப்பறை வரைந்து வரைந்து வெறுத்துப்போயிருந்த காலம் அது. மேற்படிப்புக்கு ஃபிரான்ஸ் போனபோது பார்த்த கோத்திக் தேவாலயங்கள் மண்டையை விட்டு இறங்கவே இல்லை. அந்தக் காலத்துக் கொத்தனார்கள் கூரையின் பாரத்தைச் சுவரிடமிருந்து பிடுங்கி, வெளியே நிற்கும் கல் வளைவுகளிடம் கொடுத்தார்கள். பாரம் இறங்கிய சுவரைத் திறந்து வண்ணக் கண்ணாடி வைத்தார்கள். வெயில் வந்தால் தரையெல்லாம் சிவப்பும் நீலமுமாகக் கிடக்கும். அதை எங்கள் ஊரில் ஒரு சுவரிலாவது பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி.

அப்பா லாரி ஓட்டி, பிறகு லாரி வாங்கி முன்னேறியவர். படத்தில் வெளி வளைவுகளைப் பார்த்ததுமே முகத்தைச் சுளித்தார்.

“வெளிய முட்டுக் குடுத்தா ஊடு சாயுதுன்னு பேசுவாங்க சாமி. அப்பறம் யாரு இங்க கண்ணாலம் வெப்பாங்க?”

சாயாமல் இருக்கத்தான் அது என்று தொண்டை வறளச் சொன்னேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். வளைவுகள் போயின. கூர்முனை வாசல் சர்ச் மாதிரி இருக்கிறது என்றார் பெரியப்பா, மசூதி மாதிரி என்றார் மாமா. வாசல் சதுரமானது. ஏசி குளிர் நிற்காது என்று பக்கத்துச் சன்னல்களை அத்தை அடைக்கச் சொன்னார். ஆளாளுக்கு நாட்டாமை. மிஞ்சியது கிழக்குச் சுவரில், வாசலுக்கு மேலே, ஒரே ஒரு வட்டக் கண்ணாடி. மணவறையில் கிழக்குப் பார்த்து உட்காரும் ஜோடிமேல் காலை வெயில் நிறம் நிறமாக விழும் என்று அப்பாவிடம் கெஞ்சினேன். மண்டபத்தில் முதலில் நடக்கப்போகும் என் தம்பி கல்யாணத்தில் பார்க்கலாம், சரிப்படாவிட்டால் செங்கல் வைத்து அடைத்துவிடுவேன் என்றார்.

வைகாசியில் ஒரு திங்கட்கிழமை, நாலரையிலிருந்து ஆறு முகூர்த்தம். பத்திரிகையைக் கையில் வாங்கியபோதுதான் என் தலையில் இடி விழுந்தது. எங்கள் பக்கம் தாலி கட்டுவதே விடிவதற்கு முன்னால்தான். வரவேற்போ முந்தின நாள் பொழுது சாய்ந்த பிறகு. எங்கள் கல்யாணங்களுக்கு வெயில் வருவதே இல்லை. அத்தனை நொட்டை சொன்ன கூட்டத்தில் ஒருவருக்காவது இது தோன்ற வேண்டாமா? எத்தனை முகூர்த்தத்தில் உட்கார்ந்து தூங்கி வழிந்திருக்கிறேன், எனக்கே தோன்றவில்லை. ஜோசியரிடம் ஏழரைக்கு மேல் ஒரு நேரம் கேட்டுப் பார்த்தேன். திங்கட்கிழமை அது ராகு காலம் என்று சொல்லி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

தாலி ஏறியபோது என் வட்டக் கண்ணாடி கரிச்சட்டியின் அடி மாதிரி இருந்தது. அட்சதை போட்ட கையோடு சனம் மொத்தமும் பந்திக்கு ஓடியது. நான் மட்டும் காலி நாற்காலிகளுக்கு நடுவே உர்ரென்று உட்கார்ந்திருந்தேன்.

அப்போது பார்த்து வெயில் வந்தது. சிதறிக் கிடந்த அரிசி, பிளாஸ்டிக் நாற்காலி, யாரோ விட்டுப்போன தண்ணீர் பாட்டில், எல்லாவற்றின் மேலும் சிவப்பும் நீலமும் மஞ்சளும் ஊர்ந்தன. இப்போது வந்து என்ன பிரயோசனம் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சாப்பிடக் கூப்பிட வந்த அப்பா பாதி வழியில் நின்றார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நல்லாத்தான் இருக்குது சாமி. பாக்கத்தான் ஆளில்ல.”

எனக்குச் சுருக்கென்றது. கண்ணாடியை அடைத்துவிடுங்கள் என்று சொல்லி எழுந்து, பந்திப் பக்கம் நடந்தேன். அங்கே பெண் வீட்டார் அப்பாவைத் தேடிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையைப் பெற்றவர் பந்தி விசாரிக்காவிட்டால் சம்பந்தி வீட்டில் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்கள். இந்த மனிதருக்கு எப்போதுதான் விவரம் வருமோ என்று எரிச்சலோடு திரும்பிப் போனேன்.

வெயில் நகர்ந்திருந்தது. அப்பாவும் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு, வேட்டியெல்லாம் நீலமாக உட்கார்ந்திருந்தார்.